தீ எச்சரிக்கைப் பனல்: யாழ்ப்பாணத்துக் கட்டடப் பொறுப்பாளர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கஸ்தூரியார் வீதியின் மாடிக் கடைத்தொகுதியோ, நல்லூர்ப் பக்கத்து விடுதியோ, திருமண மண்டபமோ, தனியார் மருத்துவமனையோ, எதுவாயினும் வாசலுக்கு அருகில் சுவரில் ஒரு தீ எச்சரிக்கைப் பனல் இருக்கக்கூடும். அதைப் பொருத்தியவர்கள் ஒரு மாலைப்பொழுதில் முகாமையாளருக்கு விளக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த முகாமையாளர் இப்போது கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவருக்காகவே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பொத்தான்களின் பெயரும் இடமும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். உங்கள் பனலின் கைந்நூல் இங்குள்ளதற்கு மாறாக எதையேனும் சொன்னால் கைந்நூலையே பின்பற்றுங்கள்.

புகை உணரிதானே தீயைக் கண்டுபிடிக்கிறது? பனல் எதற்கு?

வீட்டுக்கு வாங்கும் சிறிய புகை உணரி தானே கண்டு தானே கத்தும். பெரிய கட்டடத்தில் அந்த இரண்டு வேலைகளும் பிரிக்கப்பட்டிருக்கும். கூரையிலுள்ள உணரியும், சுவரிலுள்ள ‘பிரேக் கிளாஸ்’ எனப்படும் சிவப்புப் பெட்டியும் பனலுக்குச் செய்தி அனுப்பும். எந்த மாடி, எந்தப் பகுதி என்பதைக் காட்டி, எல்லா மணிகளையும் ஒலிக்கச் செய்வது பனலின் வேலை. இதற்கு மேலாக, தன்னுடன் இணைந்த வயர்கள், மணிகள், பற்றரி ஆகியவை நல்ல நிலையில் உள்ளனவா என்பதையும் அது இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். பொறுப்பாளர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது வேலையையே.

எங்களிடம் இருப்பது எந்த வகைப் பனல் என்று எப்படி அறிவது?

முகப்பில் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்ட சிவப்பு விளக்குகள் வரிசையாக இருந்தால் அது ‘கொன்வென்ஷனல்’ வகை. ஒவ்வொரு இலக்கமும் ஒரு வலயத்தை, அதாவது கட்டடத்தின் ஒரு பகுதியை, குறிக்கும். வலயத்துக்குள் எந்த உணரி என்பதை அது சொல்லாது. சிறிய திரையில் ‘2ஆம் மாடி, களஞ்சிய அறை’ என்பது போல எழுத்தில் வந்தால் அது ‘அட்ரஸபிள்’ வகை; அதில் ஒவ்வொரு உணரிக்கும் தனி முகவரி உண்டு. இரண்டு மூன்று மாடிகளுக்கு முதல் வகை போதும். அறைகள் நிறைந்த விடுதிக்கும் மருத்துவமனைக்கும் இரண்டாவதே ஏற்றது, ஏனெனில் இரவு இரண்டு மணிக்கு ஒரு மாடி முழுவதையும் கதவு கதவாகத் தட்டித் தேட யாராலும் இயலாது.

மணி ஒலிக்கும்போது முதலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்?

எதையும் அழுத்த வேண்டாம். முதலில் வாசியுங்கள். எந்த வலய விளக்கு எரிகிறது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, முடிந்தால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வெளியேறத் தொடங்கட்டும். பயிற்சி பெற்ற இருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். புகையையோ நெருப்பையோ கண்டால், அல்லது கதவைத் தொட்டவுடன் சூடு தெரிந்தால், கதவைத் திறக்காமல் திரும்பி வந்து 110 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இலங்கையில் தீயணைப்புச் சேவைக்கான அவசர இலக்கம் அதுவே. கட்டடத்தின் பெயரோடு வீதியையும், அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சேர்த்துச் சொல்லுங்கள். நம்மூர் ஒழுங்கைகளில் வீட்டிலக்கத்தை மட்டும் வைத்து இடம் பிடிப்பது கடினம்.

தீ இல்லை என்பதை ஒருவர் நேரில் கண்டு உறுதிப்படுத்திய பின்னரே பொத்தான்களின் பக்கம் போக வேண்டும். அங்கே மூன்று பொத்தான்களைக் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒன்று பனலுக்குள் கீச்சிடும் சிறிய ஒலியை மட்டும் நிறுத்தும். மற்றொன்று கட்டடம் முழுவதும் ஒலிக்கும் மணிகளை நிறுத்தும். எச்சரிக்கை நிலை அப்போதும் பனலில் இருந்துகொண்டே இருக்கும். மூன்றாவதான ரீசெற், நடந்ததை அழித்துப் பனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மணிகளை நிறுத்தி, காரணத்தைக் கண்டு, பதிவேட்டில் எழுதி, அதன் பிறகு ரீசெற் செய்வதே முறை. ஓடிவந்தவுடன் ரீசெற்றை அழுத்துபவர், எந்த இடத்தில் பிரச்சினை என்ற ஒரே தகவலையும் தன் கையாலேயே அழித்துவிடுகிறார். கொன்வென்ஷனல் பனல்கள் பலவற்றில் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ரீசெற் செய்தும் சில வினாடிகளில் மீண்டும் ஒலிக்கிறதே?

உணரிக்குள் இன்னும் புகை தங்கியிருக்கலாம். யன்னல்களைத் திறந்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். அல்லது பிரேக் கிளாஸ் பெட்டி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கலாம். கண்ணாடி உடைந்திருந்தால் புதியது போட வேண்டும். பிளாஸ்ரிக் தகடு உள்ள வகையாயின் அதற்குரிய சிறிய திறப்பால் தகட்டை மீண்டும் மேலே தூக்கிவிட வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால், மேல் மாடியின் குளியலறையிலிருந்தோ ஏசியிலிருந்தோ உணரிக்குள் நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மஞ்சள் விளக்கு எரிகிறது, ஆனால் மணி ஒலிக்கவில்லை. இதை எத்தனை நாள் விடலாம்?

ஒரு நாளும் விடக்கூடாது என்பதே எனது கருத்து. சிவப்பு என்றால் தீ. மஞ்சள் என்றால், தீ வந்தாலும் கட்டடத்தின் ஏதோ ஒரு பகுதியைப் பனல் அறியாமல் போகலாம் என்பது பொருள். மணி ஒலிக்காததால் எவருக்கும் அவசரம் தோன்றுவதில்லை, அதனால் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும் கட்டடங்களைக் காண்பது அரிதல்ல.

அந்த விளக்குக்குப் பக்கத்தில் எந்த வகைப் பிழை என்பதைக் காட்டும் இன்னொரு சிறு விளக்கு இருக்கும். மின்வழங்கல் பிழை என்றால் மின்வெட்டு, அல்லது பனலுக்குப் போகும் சுவிச்சை எவரோ அணைத்திருக்கிறார். பற்றரிப் பிழை பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்படுகிறது. எர்த் பிழை என்பது வயர் எங்கோ ஈரச்சுவரையோ உலோகத்தையோ தொட்டு மின் ஒழுகுவதைக் குறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியிலிருந்து கொண்டியூற் குழாய்க்குள் நீர் இறங்கும் பழைய கட்டடங்களில் இது வரும், தை மாதத்தில் காய்ந்ததும் தானாகவே மறையும், அடுத்த மழைக்குத் திரும்பவும் வரும். மறைந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

வலயப் பிழைதான் அதிகம் வருவது. கொன்வென்ஷனல் பனலில் ஒரு வலயத்தின் இரண்டு வயர்களும் உணரி உணரியாகச் சென்று, கடைசி உணரியில் ஒரு சிறிய தடையியில் முடியும். சில ஆயிரம் ஓம் பெறுமதியுள்ள அந்தத் தடையியினூடாக எப்போதும் ஒரு சிறு மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். அது நின்றால் வயர் அறுந்துவிட்டது என்று பனல் முடிவு செய்யும். பெயின்ற் அடிக்க வந்தவர் நடுவிலுள்ள ஓர் உணரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாலே போதும். உணரியைப் பொருத்தும் அடித்தளம் சாதாரண வகையாயின், அதற்கு அப்பாலுள்ள உணரிகள் அனைத்தும் தொடர்பற்றுப் போகும். எனவே வலயப் பிழை வந்தால், தொழில்நுட்பவியலாளரை அழைக்கும் முன் அந்த வலயத்தில் கூரையைப் பார்த்தபடி ஒரு முறை நடந்து பாருங்கள்.

ஓர் எலக்ரீசியன் வந்து பத்தே நிமிடத்தில் மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டார். அவ்வளவு எளிதா?

அவர் எதைச் செய்தார் என்று கேளுங்கள். வலயத்தின் வயர்களைப் பனலிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு தடையியை நேரடியாகப் பனலின் முனைகளிலேயே முறுக்கிவிட்டால் விளக்கு உடனே அணையும். பனல் திருப்தியடைந்துவிடும்; ஆனால் அந்த மாடியில் ஓர் உணரியும் அதனுடன் இணைந்திராது. வீட்டு வயறிங் வேலையில் திறமையானவர்கூட, கெட்ட எண்ணமின்றி, விளக்கை அணைப்பதே வேலை என்று எண்ணி இதைச் செய்துவிடுவார். அறிவதற்கு எளிய வழி உண்டு: திருத்த வேலை முடிந்ததும் அந்த வலயத்தின் கடைசி உணரிக்குச் சோதனைப் புகை அடிக்கச் சொல்லி, பனலில் அந்த இலக்கம் எரிவதைப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

மின்வெட்டின்போது பனல் வேலை செய்யுமா?

பற்றரி நன்றாக இருந்தால் செய்யும். பனலின் அடிப்பகுதியில் 12 வோற்று ஈய அமிலப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோற்றுத் தரும். நமது நாட்டில் பலரும் பின்பற்றும் பிரித்தானிய நியமமான பி.எஸ். 5839, பொதுவாக மின்சாரம் இல்லாமல் 24 மணிநேரம் காத்திருந்து, அதன் பின்னும் அரை மணிநேரம் மணியை ஒலிக்கச் செய்யும் அளவுக்குப் பற்றரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது களைத்துப்போன பற்றரிகள் சில இன்னும் மாற்றப்படாமலே இருக்கக்கூடும்.

அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. உங்கள் பனலும் உணரிகளும் சும்மா இருக்கும்போது 0.15 அம்பியரும், மணிகள் ஒலிக்கும்போது 0.8 அம்பியரும் எடுக்கின்றன என்று கொள்வோம். 24 மணிநேரத்துக்கு 3.6 அம்பியர் மணி; அரை மணிநேர ஒலிக்கு 0.4, மொத்தம் 4. பற்றரி முதுமையடைவதற்காகக் கால் பங்கு கூட்டினால் 5. கடையில் கிடைக்கும் 7 அம்பியர் மணிப் பற்றரி இதற்குப் போதும். மணிகளைப் பிறகு கூட்டியிருந்தால் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

இவ்வகைப் பற்றரியின் ஆயுளை வெப்பம் தின்னும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பற்றரித் தொழிலில் பொதுவான கணக்கு. மேற்கு வெயில் படும் சுவரில், காற்றோட்டமில்லாத படிக்கட்டுக்குக் கீழே பனல் இருக்குமானால், ஐந்து ஆண்டு என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் மூன்றாம் ஆண்டிலேயே கவனிக்கத் தொடங்குங்கள். இரண்டு பற்றரிகளையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்ற வேண்டும்; மாற்றிய திகதியை மார்க்கரால் பற்றரியின் முகத்திலேயே எழுத வேண்டும். சாச் ஏறிய நிலையில் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 27 வோற்றுக் காட்டுவது சாதாரணம், ஆனால் அந்த அளவை மட்டும் வைத்துப் பற்றரி நலமென்று சொல்ல முடியாது. பிரதான மின்சாரத்தை நிறுத்தி, மணிகளை ஒலிக்கவிட்டு அளக்கும்போது வோற்று சட்டென விழுகிறதா என்பதே உண்மையைக் காட்டும். மோட்டார் சைக்கிள் பற்றரியை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

எங்களிடம் ஜெனரேற்றர் உண்டு. அப்படியும் பற்றரி தேவையா?

தேவை. ஜெனரேற்றர் எழும்பும் வரையுள்ள இடைவெளியிலும், தீயே ஜெனரேற்றர் அறையில் பிடித்தால் அதற்குப் பிறகும் பற்றரியைத் தவிர வேறு துணையில்லை. பனலுக்கு மின்பலகையிலிருந்து தனிச் சுற்றும் தனிச் சுவிச்சும் இருக்க வேண்டும். ‘தீ எச்சரிக்கை, அணைக்க வேண்டாம்’ என்று அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். மின்விளக்குகளின் சுற்றிலிருந்து இழுத்திருந்தால், இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை அணைப்பவர் பனலையும் சேர்த்தே அணைக்கிறார்.

காரணமில்லாமல் மணி ஒலிக்கிறது. வாடிக்கையாளர்கள் எரிச்சலடைகிறார்கள். என்ன செய்வது?

காரணம் இல்லாமல் ஒலிப்பது மிகக் குறைவு. ஒளியைக் கொண்டு புகையை அறியும் உணரிக்குள் ஓர் இருண்ட சிறு அறை இருக்கிறது. அதில் ஓர் ஒளிக்கதிர் பாயும். புகைத்துணிக்கைகள் உள்ளே நுழைந்து அந்த ஒளியைச் சிதறச் செய்யும்போது, பக்கத்திலுள்ள ஒளியுணர் கருவி அதைக் கண்டு எச்சரிக்கும். சிதறச் செய்தது நெருப்பின் புகையா, சாம்பிராணியா, குளியலறை ஆவியா, ஒட்டடையா, உள்ளே புகுந்த பூச்சியா என்று சாதாரண உணரிக்குப் பிரித்தறியத் தெரியாது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளும், பலகைக் கூரைகளில் எறும்புகளும், ஆண்டு முழுவதும் வீதிப் புழுதியும் இங்கு வழமையான காரணங்கள்.

ஆகவே, பதிவேட்டைத் திறந்து அதே உணரி அல்லது அதே வலயம்தானா, எந்த நேரத்தில் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் ஒலிக்குமானால் காரணம் சுவாமிப்படத்தின் முன்னால் இருக்கிறது. உணரியையோ படத்தையோ இடம் மாற்ற வேண்டும். சமையலறையில் புகை உணரி போட்டிருப்பதே பிழை. அங்கு வெப்ப உணரிதான் பொருத்தமானது. தாளிக்கும் புகைக்கு அது அசையாது, வெப்பம் குறித்த அளவைக் கடந்தால் மட்டுமே எச்சரிக்கும். புழுதி காரணமென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறிஞ்சியால் வெளிப்புறத் துவாரங்களைச் சுத்தம் செய்யுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

உணரிக்குப் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டு மறந்துபோவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூச்சு வேலை நடக்கும் ஒரு நாளுக்கு உணரியை மூடுவது சரி. அன்று மாலையே கழற்ற வேண்டும். நான் பார்த்த ஒரு மண்டபத்தில் கூரையில் பெயின்ற்றோடு சேர்ந்து உணரிகளுக்கும் வெள்ளை பூசப்பட்டிருந்தது. துவாரங்கள் அடைபட்ட உணரியைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பூசைக்காகவோ வெல்டிங் வேலைக்காகவோ ஒரு வலயத்தைத் தற்காலிகமாக நிறுத்தலாமா?

நிறுத்தலாம்; நவராத்திரி பூசையின் புகைக்காகப் பனல் முழுவதையும் அணைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த வலயத்தை மட்டும் நிறுத்தி, நிறுத்தியவர் பெயரையும் மீண்டும் இயக்க வேண்டிய நேரத்தையும் எழுதிப் பனலிலேயே ஒட்டுங்கள். நிறுத்தியிருக்கும் நேரம் முழுவதும் ஓர் ஆள் அங்கு நிற்க வேண்டும். வெல்டிங் வேலையாயின் முடிந்த பின்னும் ஒரு மணிநேரம் நிற்க வேண்டும், ஏனெனில் பொறி விழுந்த மரத்தூளும் துணியும் மெதுவாகவே பற்றும்.

வாராந்தம் நாங்களே என்ன சோதிக்க வேண்டும்?

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், உதாரணமாகத் திங்கள் காலை பத்து மணிக்கு, ஒரு பிரேக் கிளாஸ் பெட்டியைச் சோதனைத் திறப்பால் இயக்குங்கள். கட்டடத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மணிகள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கத் தேவையில்லை. அடுத்த வாரம் வேறு பெட்டி. இப்படியே சுற்றி வந்தால் எல்லாப் பெட்டிகளும் முறைக்கு வரும். பனல் சரியான வலயத்தைக் காட்டுகிறதா, கடைக்கோடி அறையில் கதவைப் பூட்டியபடி மணி கேட்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். லிஃப்டும் ஏசியும் பனலோடு இணைந்திருந்தால் அவற்றின் பொறுப்பாளருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சேவிஸ் செய்ய வருபவர்களிடம் எதை எதிர்பார்க்கலாம்?

ஆறு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் ஒருமுறை வர வேண்டும். ஓராண்டுக்குள் ஒவ்வோர் உணரியும் குறைந்தது ஒரு தடவையாவது இயக்கிப் பார்க்கப்பட வேண்டும். பனலின் தூசியைத் தட்டி, ஒரே ஓர் உணரியைச் சோதித்து, அட்டையில் கையொப்பமிட்டுப் போவது சேவிஸ் அல்ல. உணரிகளின் பட்டியலைக் கேளுங்கள். எவை சோதிக்கப்பட்டன என்பது அதில் அடையாளமிடப்பட்டிருக்க வேண்டும். புகை உணரிக்கு அதற்கென்று விற்கப்படும் சோதனைப் புகையையும், வெப்ப உணரிக்குச் சூடான காற்றையும் பயன்படுத்த வேண்டும். சிகரெட்டும் நுளம்புச்சுருளும் உணரிக்குள் பிசினைப் படியவிடும்.

இடி மின்னலுக்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

பனலின் முகப்பை. ஏப்ரல் மாலைகளிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இங்கு மின்னல் அதிகம். இரண்டு கட்டடங்களுக்கிடையே வயர் ஓடும் இடங்களே முதலில் பாதிக்கப்படும். சுண்ணாம்புக் கல் மேலாகவே இருக்கும் காணிகளில் எர்த் கம்பி போதிய ஆழம் இறங்காது. அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், மின்னெழுச்சிக் காப்பு பொருத்துவது பற்றியும் கேளுங்கள்.

பனலின் திறப்பும் இரகசிய இலக்கமும் யாரிடம் இருக்க வேண்டும்?

கடமையில் உள்ளவரிடம், இரவுக் காவலாளி உட்பட. முகப்பைப் பார்ப்பதற்குத் திறப்புத் தேவையில்லை. மணியை நிறுத்தவும் ரீசெற் செய்யவும் தேவை. திறப்பு முதலாளியின் வீட்டு அலுமாரியில் இருக்குமானால், அவர் வந்து சேரும் வரை மணியை நிறுத்த வழியில்லை. அப்படி ஓரிரவு கழிந்த பிறகு மணியின் வயரையே வெட்டிவிடுவார்கள். அமைப்பை மாற்றும் மேல்நிலை இலக்கம் மட்டும் தொழில்நுட்பவியலாளரிடமும் உரிமையாளரிடமும் இருக்கட்டும். நிறுவனத்தை மாற்றும்போது அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பனலுக்குப் பக்கத்தில் வலய வரைபடம் ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தொங்க வேண்டும். பனலின்மேல் நாட்காட்டியைத் தொங்கவிட வேண்டாம்.

பழைய பனலை எப்போது மாற்றுவது?

உதிரிப்பாகம் கிடைக்காதபோது. உணரிகளைப் பத்து ஆண்டளவில் மாற்றத் திட்டமிடுவது நல்லது. கடற்காற்று படும் இடங்களில் முனைகள் முன்னதாகவே பச்சை பிடிக்கும். மிகப் பழைய புகை உணரிகள் சிலவற்றுக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கும். கதிரியக்கக் குறியீடு கண்டால் உடைக்காமல், குப்பையில் போடாமல் வழங்குநரிடமே ஒப்படையுங்கள்.

மணி ஒலித்தால் பனல் தானாகத் தீயணைப்புப் படைக்கு அறிவிக்குமா?

பெரும்பாலான கட்டடங்களில் இல்லை. தொலைபேசி அழைப்பெடுக்கும் கருவியைத் தனியாகப் பொருத்தியிருந்தால், அதில் பதிந்துள்ள இலக்கங்களுக்கு மட்டும் அழைக்கும். அந்த இலக்கங்களில் வேலையை விட்டுப் போனவரின் இலக்கமும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கருவி இல்லாத கட்டடத்தில் 110ஐ ஒரு மனிதர்தான் அழைக்க வேண்டும். இரவில் அந்த மனிதர் யார் என்பதைப் பெயர் குறித்து எழுதிப் பனலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அவர் விடுப்பில் போகும் நாட்களில் அந்தத் தாளையும் மாற்ற வேண்டும்.